நேர்ந்துவிட்ட வெள்ளைக்கோழி

மயிலாப்பூர்,
12.1.1997

தம்பி ரகுபதிக்கு,

அக்கா ரத்னா எழுதிக்கொள்வது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, முதுகுவலியைத் தவிர. அது தையல் மெஷினோடு கூடவே வந்தது, கூடவேதான் போகும். மஸ்கட்டில் நீ நன்றாக இருப்பதாக உன் மனைவி சண்முகவடிவு வேளச்சேரியிலிருந்து வந்து சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. தீபாவளிக்காவது அக்காவுக்கு நாலு வரி எழுதியிருக்கலாம்.

நீ கேட்காவிட்டாலும் கோழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விசா கிடைத்ததற்காக எல்லையம்மனுக்கு நேர்ந்துகொண்டு, முதல் லீவில் வந்து அறுக்கிறேன் என்று என் மாடியில் விட்டுப்போனாயே, அந்தப் பச்சைச் சாயக் குஞ்சு. சைதாப்பேட்டை மார்க்கெட் வாசலில் கூடைக்காரனிடம் சேவல் என்று நம்பி வாங்கினாய். சாயம் போய் வெள்ளையாகி, ஆறு மாதத்தில் முட்டையும் போட்டு உன் முகத்தில் கரி பூசியதை அப்போதே எழுதியிருந்தேன். அன்றிலிருந்து நாள் தவறாமல் முட்டைதான். அத்தனையும் உன் மகள் நிலா வயிற்றுக்குள்தான் போகிறது.

பத்து நாளாக அதற்கு உடம்பு சரியில்லை. முதலில் ஓடு மெலிந்து விரல் பட்டாலே நொறுங்கியது. இப்போது ஓடே இல்லை, வெறும் தோல்முட்டை. எடுத்தால் தண்ணீர் பலூன் மாதிரி கையில் தொங்குகிறது. நேற்றிலிருந்து மூலையில் உப்பிப்போய் நிற்கிறது, வாலை ஆட்டி ஆட்டி முக்குகிறது. கொண்டை வெளுத்துவிட்டது.

ரவிக்கை வாங்க வந்த ஜானு மாமி வேறு மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏன் ரத்னா, கோழியை வெச்சுண்டு தைச்சா துணியெல்லாம் நாத்தமடிக்காதோ? எங்காத்துல கேக்கறா" என்றார். "கோழி இல்லாத டைலரா பாத்துக்கோங்க மாமி" என்றேன். வாங்கிக்கொண்டுதான் போனார். அவர் அளவுக்கு வேறு யார் தைப்பார்கள்.

உன் கோழி என்பதால் உனக்குத் தகவல். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா ரத்னா


ரூவி, மஸ்கட்,
2.2.1997

அன்புள்ள அக்காவுக்கு,

ரகுபதி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். எழுதாதது தப்புதான், பட்டறையில் ஓவர்டைம். உன் முதுகுக்குத் தைலம் ஒரு ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கோழி விஷயம் படித்தேன். அக்கா, அது என் கோழி இல்லை, உன் கோழியும் இல்லை. அம்மனுடைய கோழி. ஜூலையில் எனக்கு லீவு உறுதியாகிவிட்டது. ஆடி இரண்டாம் ஞாயிறு கொடுத்துவிடலாம். ஆனால் குறையுள்ளதை அம்மன் ஏற்கமாட்டாள், உனக்கே தெரியும். கால் நொண்டினாலும், நகம் ஒன்று போயிருந்தாலும் பூசாரி அய்யாதுரை திருப்பி அனுப்பிவிடுவார்.

வேறு கோழி வாங்கிக் கொடுத்தால் என்ன என்று நினைக்காதே. அந்தக் குஞ்சைத்தான் கையில் ஏந்தி அவள் முகத்துக்கு நேரே காட்டினேன். ஆகஸ்டில் இங்கே என் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்பது அவள் கையில். ஆகவே நல்ல டாக்டரிடம் காட்டு. ஆடி வரைக்கும் அதைப் பத்திரமாகக் காப்பாற்றிக் கொடு, அது போதும்.

உன் தம்பி,
ரகுபதி


மயிலாப்பூர்,
20.2.1997

தம்பிக்கு,

தைலம் வந்தது, முதுகு உன்னை வாழ்த்துகிறது. நிலாவுக்குச் சளி விட்டது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் உன் அம்மன் கோழி சாகப் பார்த்தது. காலை அகட்டி நட்டமாக நின்றது. முட்டை உள்ளே மாட்டிக்கொண்டுவிட்டது. அடிவயிற்றைத் தொட்டால் கல் மாதிரி இருந்தது. நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, கீழ்வீட்டு அன்வரி பேகம் ஏறி வந்தார். அவர் ராயப்பேட்டையில் இருபது கோழி வளர்த்த கை.

"இன்னா ரத்னா, வேடிக்கை பாத்துகினு நிக்கிறே? சுடுதண்ணி வெய்யி. கை பொறுக்குற சூடு, அவ்ளோதான்" என்றார்.

துணி அலசும் பேசினில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் விட்டு, கோழியைப் பாதி உடம்பு மூழ்கும்படி உட்காரவைத்தோம். அரைமணி நேரம் பிடித்துக்கொண்டே இருந்தேன். முதலில் திமிறியது, பிறகு என் மணிக்கட்டில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது. பின்வாயில் விளக்கெண்ணெய் தடவி, வயிற்றை அழுத்தாமல் தாங்கி மட்டும் பிடிக்கச் சொன்னார் பேகம். அழுத்தினால் உள்ளே உடையும், உடைந்தால் பிழைக்காதாம். கடைசியில் ஒரு முக்கல். முட்டை வந்து என் உள்ளங்கையில் விழுந்தது. ஒரு பக்கம் ஓடு, ஒரு பக்கம் வெறும் தோல், மேலே கொஞ்சம் ரத்தம். நான் அழுதுவிட்டேன், சொல்வதற்கு வெட்கமில்லை.

மறுநாள் வயர் பையில் போட்டு பஸ் ஏறி வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். "பைக்குள்ள இன்னாமா கீது?" என்றார் கண்டக்டர். "பேஷண்ட்" என்றேன். டாக்டரம்மா பொறுமையாகப் பார்த்தார். சுண்ணாம்புச் சத்து போதவில்லை, ஓடு செய்ய உடம்பில் மிச்சம் எதுவுமில்லை என்றார். சொட்டுமருந்து தந்தார். கிளிஞ்சலை இடித்துத் தீனியில் போடச் சொன்னார். இப்போது தினமும் காலையில் பட்டினப்பாக்கம் கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்குகிறேன். மீன்காரப் பெண்கள் எனக்கு மறை கழன்றுவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

அக்கா ரத்னா


ரூவி, மஸ்கட்,
12.3.1997

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதத்தை அறையில் படித்துக் காட்டினேன். "உங்க அக்கா டாக்டருக்குப் படிச்சிருக்கணும்" என்றார் பக்கத்துக் கட்டில் இனாயத் பாய். எனக்கும் பெருமைதான். நீ தொட்ட காரியம் எது பாழாய்ப் போயிருக்கிறது.

ஆனால் நீ அழுதேன் என்று எழுதியது எனக்கு உறுத்துகிறது. உன்னை எனக்குத் தெரியும். அதிகமாக ஒட்டிக்கொள்ளாதே. ஆடிக்கு நாலு மாதம்தான் இருக்கிறது. பம்பைக்காரனுக்குச் சொல்லச் சொல்லி சண்முகவடிவுக்கு எழுதியிருக்கிறேன். கூழ் ஊற்றவும் ஏற்பாடு செய்கிறாள். நீ அன்று காலை கோழியைக் குளிப்பாட்டித் தயாராக வைத்திருந்தால் போதும். சரிதானே? பதில் எழுது.

ரகுபதி


மயிலாப்பூர்,
6.4.1997

தம்பிக்கு,

நான் நலம். வெயில் ஆரம்பித்துவிட்டது. பறக்கும் ரயிலுக்குக் கால்வாயோரம் நிற்கும் தூண்களின் நிழலில்தான் காய்கறிக்காரர்கள் இப்போது கடை போடுகிறார்கள்.

மறுபடியும் ஒரு முட்டை மாட்டியது, மறுபடியும் எடுத்தோம். திரும்ப டாக்டரம்மாவிடம் போனேன். "இது பண்ணைக் கோழிம்மா. ஒரு நாள்கூட நிறுத்தாம முட்டை வைக்கிற மாதிரி உண்டாக்கின ஜாதி. தன் எலும்பைக் கரைச்சு ஓடு செஞ்சு குடுத்துக்கிட்டே இருக்கும், போதும்னு சொல்லத் தெரியாது. நீங்கதான் நிறுத்தணும்" என்றார். இருட்டில் வைத்து வெளிச்சத்தைக் குறைத்தால் முட்டை நிற்கும். இறகு கொட்டும். பழைய உடம்பை உதிர்த்துவிட்டுப் புதிதாகத் தேறுமாம்.

தி.நகர் ரங்கநாதன் தெருவில் கறுப்பு லைனிங் துணி எடுத்து வந்து கூடைக்கு இரட்டை உறை தைத்தேன். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வெளிச்சம். முட்டை நின்று இரண்டு வாரமாகிறது. மாடியெல்லாம் வெள்ளை இறகு. பெருக்கிப் பெருக்கி என் முதுகு போய்விட்டது. கழுத்தில் ஒரு இறகும் இல்லாமல் பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது, ஆனால் கிளிஞ்சலை ஆசையாகக் கொத்துகிறது. போதும் என்று யாராவது சொன்னால் உடம்புக்கு எவ்வளவு சுகம் பார்.

ஜானு மாமி பெண்ணுக்குக் கல்யாணம். பதினோரு ரவிக்கை. வேலை தலைக்குமேல் இருக்கிறது.

அக்கா ரத்னா


ரூவி, மஸ்கட்,
28.4.1997

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. ரவிக்கைக் கணக்கெல்லாம் எழுதினாய், ஆடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இறகு கொட்டிய கோழி ஜூலைக்குள் தேறுமா? நிலாவுக்குத் திரும்பவும் காய்ச்சலாம். நேர்ந்ததைத் தாமதம் செய்தால் அப்படித்தான் காட்டும் என்கிறார் என் மாமியார். எனக்கு இங்கே தூக்கம் இல்லை. ஒரு வரி எழுதிப்போடு, "தேறிவிடும், கொடுத்துவிடலாம்" என்று.

ரகுபதி


ரூவி, மஸ்கட்,
30.5.1997

அக்கா,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து தகவல் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? சண்முகவடிவு உன் மாடிக்கு வந்தாளாம். நீ நன்றாகப் பேசினாயாம், காபி கொடுத்தாயாம், கோழி பேச்சை எடுத்தால் மட்டும் மெஷினை வேகமாக மிதித்தாயாம். கோழிக்கு என்ன ஆயிற்று? செத்துவிட்டதா? செத்திருந்தால் சொல்லிவிடு. சொல்லாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ரகுபதி


மயிலாப்பூர்,
14.6.1997

தம்பி ரகுபதிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நிலா நன்றாக இருக்கிறாள். அவளுக்கு வந்தது பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்கு வந்த காய்ச்சல். அத்தனை பேர் வீட்டிலுமா கோழி பாக்கி இருக்கிறது?

கோழி சாகவில்லை. கழுத்திலிருந்து வால் வரை புது இறகு வந்துவிட்டது. கொண்டை ரத்தமாகச் சிவந்திருக்கிறது. இந்த மாதம் ஒன்றாம் தேதி உறையை எடுத்தேன். நேற்றுக் காலை முட்டை போட்டது. தட்டிப் பார்த்தேன், டக்கென்று கேட்டது. அன்வரி பேகமும் தட்டிப் பார்த்து, "தேறிட்சு" என்றார். உடனே முகம் மாறி, "அப்ப உன் தம்பிக்கு நல்லதாப் பூட்சி" என்றார்.

அதைத்தான் நான் ஒரு மாதமாக எழுதத் தெரியாமல் வைத்திருந்தேன். நான் கிளிஞ்சல் பொறுக்கியது, எண்ணெய் போட்டது எல்லாம் அதைக் கத்திக்குத் தகுதியாக்கத்தானா? நோயோடு இருந்திருந்தால் பிழைத்துப்போயிருக்கும். நான் குணப்படுத்தியதால் சாகவேண்டும். இது என்ன நியாயம் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

பேகம் ஒரு வழி சொன்னார். "கால் நகத்தை ஒண்ணு நறுக்குனு வெட்டிடு. குறையாயிடும். அவனே வேணாம்னு பூடுவான்." கத்தரிக்கோல் என் கையிலேயே இருந்தது. கோழியும் நம்பி மடியில்தான் உட்கார்ந்திருந்தது. காலைப் பிடித்துவிட்டேன், உன்னிடம் மறைப்பானேன். பிறகு விட்டுவிட்டேன். அதைக் காப்பாற்ற அதையே வெட்டுவதா? உன்னிடம் பொய் சொல்லிப் பதுங்குவதற்கு நான் என்ன திருடியா?

ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். கோழிக்கு ஒரு குறையும் இல்லை. எட்டு நகமும் எண்ணினேன். அய்யாதுரை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் தரமாட்டேன்.

லீவுக்கு வா. உனக்குப் பிடித்த நெத்திலிக் குழம்பு வைக்கிறேன்.

அக்கா ரத்னா


ரூவி, மஸ்கட்,
2.7.1997

அக்காவுக்கு,

உன் நலம் கேட்க எனக்கு இப்போது மனம் வரவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். நலமா?

காசு கொடுத்து வாங்கியவன் நான், நேர்ந்தவன் நான். நடுவில் தீனி போட்டதற்காக அது உன்னுடையதாகிவிடுமா? அம்மன் கோபப்பட்டால் உனக்கு என்ன போகும்? ஒண்டிக்கட்டை. குடும்பம் உள்ளவன் நான்தான். உறவுக்கெல்லாம் சொல்லியாயிற்று, பம்பைக்காரனுக்கும் சொல்லியாயிற்று. பதினெட்டாம் தேதி இறங்குகிறேன். அதற்குள் உன் மனது மாறியிருக்கவேண்டும்.

ரகுபதி


வேளச்சேரி,
29.7.1997

அக்காவுக்கு,

ஒரே ஊரில் இருந்துகொண்டு தபாலில் பேசுகிறோம். உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது, அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேரும் ஆற்றங்கரைக் கோயிலில் காத்திருக்க, நானும் சண்முகவடிவும் உன் மாடிப்படியில் ஒரு மணிநேரம் நின்றோம். நீ மேல்படியில் உட்கார்ந்து ரவிக்கைக்கு ஊக்கு கட்டிக்கொண்டிருந்தாய். "காபி வேணுமா நைனா?" என்று கேட்டாய். வழி மட்டும் விடவில்லை. உன்னைத் தள்ளிவிட்டுப் போகும் அளவுக்கு நான் கெட்டவன் இல்லை, அது உனக்கும் தெரியும். வெறுங்கையோடு கோயிலுக்குப் போய்ச் சொந்தக்காரர்கள் முன்னால் கூனிக்குறுகி நின்றேன்.

ஒண்டிக்கட்டை என்று எழுதியது தப்பு. மன்னித்துவிடு.

அய்யாதுரையிடம் கலந்து பேசி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம், அம்மனே சொல்லட்டும். கடைசி ஞாயிறு, ஆகஸ்ட் பத்தாம் தேதி, கோழியை நீயே கொண்டு வா. வழக்கப்படி அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம். உடம்பைச் சிலிர்த்து உதறினால் சம்மதம். உதறாமல் நின்றால் கத்தி வைக்கமாட்டோம், ஆயுசுக்கும் நீயே வைத்துக்கொள். கோழியையே கேட்டுச் செய்வது மாதிரிதானே? இதைவிட நியாயம் எனக்குத் தெரியவில்லை.

ரகுபதி


மயிலாப்பூர்,
5.8.1997

தம்பி ரகுபதிக்கு,

அக்கா எழுதுவது. நீ இளைத்துப்போயிருக்கிறாய், படியில் நின்றபோதே சொல்ல நினைத்தேன். நிலாவுக்குப் பாவாடை சட்டை தைத்து வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொண்டு போகச் சொல். மன்னிப்பெல்லாம் வேண்டாம். ஒண்டிக்கட்டை என்பது திட்டு இல்லை, என் விலாசம்.

உன் நியாயத்தை இரண்டு முறை படித்தேன். ரகு, தண்ணீர் ஊற்றினால் எந்தக் கோழியும் உதறும். ஈரம் பட்ட உடம்பு அதைத்தான் செய்யும். அதற்குச் சம்மதம் என்று பெயர் வைத்தது நாம்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். உனக்கு ஒன்பது வயதில் டைபாய்டு வந்து, மூன்று வாரம் கண் திறக்காமல் கிடந்தாய். அம்மா எல்லையம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். நேர்ந்தது அவள் முடியை இல்லை, என் முடியை. எனக்கு அப்போது பத்தொன்பது. இடுப்புக்குக் கீழே தொங்கும். திருவொற்றியூரிலிருந்து வந்து பார்த்துப் போனவர்கள் தையில் தட்டு மாற்றுவதாக இருந்தது. நீ பிழைத்துக்கொண்டாய். மார்கழி விடியலில் அதே கோயில் வாசலில் என்னை மணையில் உட்காரவைத்தார்கள். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் நாவிதர் ஒரு செம்புத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துவிட்டார். உடம்பு தூக்கிப்போட்டது. "பாருங்க, பொண்ணு சிலுக்குது. அம்மன் ஏத்துகினா" என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். சுற்றி நின்றவர்கள் குலவையிட்டார்கள். அந்தச் சத்தத்தில் நான் என்ன சொல்லியிருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது.

திருவொற்றியூர்க்காரர்கள் மொட்டைத்தலையைப் பார்த்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். அக்கா தானாக ஆசைப்பட்டுக் கொடுத்தாள் என்று சொல்லி உன்னை வளர்த்தாள் அம்மா. நானும் மறுத்ததில்லை. நீ உயிரோடு எழுந்து உட்கார்ந்தது எனக்கும் சந்தோஷம்தான், அதில் ஒரு பொட்டுப் பொய் இல்லை. கேட்டிருந்தால் ஒருவேளை நானே கொடுத்திருப்பேன். கேட்கவில்லை.

அம்மன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவள் என்றைக்காவது வாயைத் திறந்து கேட்டாளா? கேட்டதெல்லாம் நாம்தான், அடுத்தவர் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் நாம்தான். உன் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படட்டும் என்று நானும் தினமும் வேண்டிக்கொள்கிறேன், எதையும் தருவதாகச் சொல்லாமல்.

பத்தாம் தேதி கோழி வராது. நானும் வரமாட்டேன். நீ போ. பூசாரி கேட்டால் என் பெயரைச் சொல். வெள்ளைக்கோழிக்கு ஒரு குறையும் இல்லை, அக்கா ரத்னா தரமாட்டேன் என்றுவிட்டாள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல். அம்மனிடமும் சொல். அவளுக்கு என்னை அடையாளம் தெரியாவிட்டால், இருபத்தாறு வருடம் முன்னால் இதே வாசலில் சிலிர்த்த பெண் என்று சொல். குளிரில்தான் சிலிர்த்தாள் என்றும் சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா,
ரத்னா